பஸ்ஸில் வரும் படகுப் பயணி

திங்கள், மதியம்
இரண்டாம் துறை, டிக்கெட் கொடுக்கும் இடம்

சம்பந்தியம்மாவுக்கு,

உங்களோடு இனிப் பேசமாட்டேன் என்றுதான் இன்று காலை சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டுவிட வேண்டாம். என் பெட்டி உங்களிடம் இருக்கிறது. அதற்காக எழுதுகிறேன், அவ்வளவுதான்.

முதல் துறையில் நான் இறங்கியபோது கையில் தோள்பையும் குடையும் மட்டும்தான் இருந்தன. நீங்கள் மேல்தளத்துக்கு வந்து "ஏறுங்க" என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று கொஞ்ச நேரம் கரையிலேயே நின்றேன். நீங்கள் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள். சரி, இருக்கட்டும்.

வீட்டுக்குத் திரும்ப எனக்கு வழி தெரியாமல் இல்லை. ஆனால் என் மகனும் உங்கள் மகளும் நம்மை ஏன் இந்தப் படகில் ஏற்றிவிட்டார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும். "குழந்தை பொறந்ததும் ரெண்டு பேரும் வந்து எங்களோட இருங்க. ஆனா உங்களுக்குக் குடுக்க ஒரே ஒரு அறைதான் இருக்கு. முதல்ல ஒரு வாரம் படகுல ஒரே அறையில சண்டை போடாம இருந்து காட்டுங்க. முடியலைன்னா சொல்லிடுங்க, நாங்க ஆள் வச்சுக்கிறோம்." ஆள் வைத்துக்கொள்வார்களாம்! என் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட யாரோ ஒரு ஆள். நாம் முதல் நாளே முட்டிக்கொண்டது தெரிந்தால் அந்த அறை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அதனால் நீங்கள் ஆற்றோடு வாருங்கள், நான் பஸ்ஸில் வருகிறேன். படகு ஒரு நாள் முழுக்க வளைந்து நெளிந்து வரும் தூரத்தை பஸ் ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடுகிறது. எப்போதும் உங்களுக்கு ஒரு ஊர் முன்னால் இருப்பேன். நாளைக் காலை உங்கள் படகு இங்கே வருவதற்குள் மூன்றாம் துறைக்குக் கிளம்பிவிடுவேன். மாலை பஸ்ஸில் பெட்டியை அங்கே அனுப்பிவையுங்கள். ரத்த அழுத்த மாத்திரை பக்கவாட்டு ஜிப்பில் இருக்கிறது.

மகன் போன் செய்தான். நீங்கள் குளிக்கிறீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். மருமகள் கூப்பிட்டால் நான் தூங்குகிறேன் என்று சொல்லவும்.

இன்னொன்று. பேக்கரி அடுப்பை விடியற்காலை மூன்று மணிக்கு மூட்டியே வயதானவள் நான். மூன்று மணிக்கு என் கண் தானாகத் திறக்கும். விளக்கைப் போட்டேன், ஜன்னலைத் திறந்தேன், கொஞ்சம் பாடினேன். என்னைத் திட்டியிருக்கலாம். என் பையனை ஏன் இழுத்தீர்கள்? "உங்க பையன் உப்பின மாவு மாதிரி, வெளியே பெருசு, உள்ளே காத்து." சாகும்வரை மறக்கமாட்டேன்.

இந்த ஊரில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. ஏறினால் ஆறு தெரியுமாம். உங்கள் முழங்காலுக்கு ஆகாது, ஏற வேண்டாம்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


செவ்வாய், மாலை
இரண்டாம் துறை, படகின் மேல்தளம்

மாப்பிள்ளையின் அம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மாவு ஒட்டியிருக்கிறதா என்று முதலில் தட்டிப் பார்த்தேன்.

துண்டு காயப்போட்டது உண்மை. பெரிய ஹோட்டலில் சலவைப் பகுதியையே முப்பது வருஷம் கட்டி மேய்த்தவள் நான். கோபம் வந்தால் என் கை துணியைத் தேடும். குளியல் துண்டு பெரியது, அதற்குப் பின்னால் கரையில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. விலக்கிப் பார்த்தபோது உங்கள் குடை மட்டும் பஸ் நிலையத்துப் பக்கம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம் இல்லை. கேட்கும் தூரமாக இருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

பெட்டியை முழுதாக அனுப்ப முடியாது. அதைத் தூக்க ஆள் வேண்டும், எனக்கு முதுகு வலி. ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறேன். உடுத்திக் களைந்ததைக் கடிதத்தோடு டிக்கெட் கொடுப்பவரிடம் விட்டுச் செல்லவும். துவைத்து இஸ்திரி போட்டு, அடுத்த பொட்டலத்தில் வேறு அனுப்புகிறேன்.

உங்கள் பெட்டியை நான் கலைத்துவிட்டதாகக் கத்தினீர்கள். கலைக்க அதில் என்ன இருந்தது? கம்பளிச் சட்டைக்குள் செருப்பு, செருப்புக்குள் சீப்பு. நான் அடுக்கினேன். அதற்கு நீங்கள் சொன்ன வார்த்தை: "உங்க பொண்ணு மடிச்சு வச்ச துண்டு மாதிரி. பார்க்க அழகு, எடுத்துத் துடைக்க முடியாது." தூக்கக் கலக்கத்தில் சொன்னதாக விட்டுவிடலாம் என்று பார்த்தால், நீங்கள்தான் மூன்று மணிக்கே விழித்துவிட்டீர்களே.

மகள் போன் செய்தாள். நீங்கள் தூங்குவதாகச் சொன்னேன். "சாயங்காலத்துலயா?" என்றாள். "மூணு மணிக்கு எழுந்திருக்கிறவங்க வேற எப்போ தூங்குவாங்க?" என்று ஒரு அதட்டுப் போட்டேன். உங்களுக்காகப் பரிந்து பேசிவிட்டேனே என்று பிறகுதான் உறைத்தது.

மணிக்கூண்டில் ஏறினேன். ஏறவேண்டாம் என்று நீங்கள் எழுதியிருக்காவிட்டால் ஏறியிருக்கமாட்டேன். என் முழங்கால் இரண்டும் இப்போது என்னோடு பேசுவதில்லை.

உங்கள் மருமகளின் அம்மா


செவ்வாய், இரவுச் சாப்பாட்டுக்கு முன்
மூன்றாம் துறை

சம்பந்தியம்மாவுக்கு,

பொட்டலம் வந்தது. பிரித்தேன். பிரித்த பிறகு சட்டையை எடுக்க மனம் வரவில்லை. கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் வரிசைப் பிள்ளை மாதிரி அது பாட்டுக்குப் படுத்திருக்கிறது. மாத்திரைக்குக்கூட "காலை", "இரவு" என்று சீட்டு ஒட்டியிருக்கிறீர்கள். இதெல்லாம் கொஞ்சம் அதிகம். ஆனால் இரவு மாத்திரையை இதுவரை காலையில்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்று இன்றுதான் தெரிந்தது.

இந்த ஊர்ப் பூங்காவில் ஆள் உயரப் புதர்களை வளைத்து வளைத்து நட்டு, சந்து சந்தாக ஒன்று செய்துவைத்திருக்கிறார்கள். உள்ளே யாரும் போகலாம், வெளியே வருவது அவரவர் சாமர்த்தியம். வெயிலோடு போனவள் வெயில் தாழ வந்தேன். ஒரே கல் பெஞ்சை எத்தனை தடவைதான் பார்ப்பது? கடைசியில் தோட்டக்காரர் ஏணியில் ஏறி நின்று, "அம்மா, இடது கையைப் புதர்மேலேயே வச்சுக்கிட்டு நடங்க, எடுக்கவே எடுக்காதீங்க" என்று கத்தினார். அப்படியே செய்தேன், வாசல் வந்துவிட்டது. நீங்களும் அப்படியே செய்யவும். மாட்டிக்கொண்டால் ஏணிக்காரர் நாளைக்கு லீவாம்.

மாலையில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்தேன். அடுப்பு சரியாகச் சூடேறும் முன்பே ரொட்டியை உள்ளே தள்ளுகிறார் அந்த மனிதர். என் வாய் சும்மா இருக்குமா? "அப்ப நீங்களே போட்டுக் காட்டுங்க" என்று ஏப்ரனைக் கழற்றி நீட்டிவிட்டார். போட்டேன். ஐந்து பன்னை இத்துடன் வைத்திருக்கிறேன். துவைப்பதற்குக் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு யாரிடமும் கடன்பட்டுப் பழக்கமில்லை.

இப்போது ஒரு சிக்கல். மகன் போனில், "ஆறு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டான். நான் என்னத்தைக் கண்டேன்? "தண்ணியா இருக்கு" என்றேன். அப்புறம் எங்கே போனீர்கள் என்று கேட்டான். மழை, படகைவிட்டு இறங்கவே இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுதவும். பொய் சொல்லத் தேவையான அளவு போதும்.

உப்பின மாவின் அம்மா


புதன், மாலை
மூன்றாம் துறை, பூங்கா வாசல்

உப்பின மாவின் அம்மாவுக்கு,

பொய் சொல்லத் தேவையான அளவு எழுதச் சொன்னீர்கள். அளவு எது என்று தெரியவில்லை, பார்த்ததை எழுதுகிறேன்.

படகு மெல்லப் போகிறது. எவ்வளவு மெல்ல என்றால், நேற்று ஒரு வாத்தும் அதன் குஞ்சுகளும் எங்களைத் தாண்டிப் போயின. கடைசிக் குஞ்சு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரையில் துணி உலர்த்துகிறார்கள், சைக்கிள் கழுவுகிறார்கள், ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு முடிவெட்டிக்கொள்கிறார். அவருக்குப் பாதித் தலை முடிந்தபோது நாங்கள் அவரைக் கடக்க ஆரம்பித்தோம், முழுத் தலையும் முடிந்து துண்டை உதறியபோதுதான் கடந்து முடித்தோம்.

இன்று காலையில் படகு இரண்டு பெரிய கதவுகளுக்கு நடுவே போய் நின்றது. பின்கதவு மூடியது. அடியிலிருந்து தண்ணீர் நிரம்பி, படகை அப்படியே மேலே தூக்கியது. சுற்றிலும் பாசி பிடித்த சுவரைத் தவிர ஒன்றும் தெரியாமல் இருந்தது. திடீரென்று வயல் வந்தது, மரம் வந்தது, வானம் வந்தது. முன்கதவு திறந்தது, போய்விட்டோம். உங்கள் பாஷையில் சொன்னால், மாவு உப்பி சட்டி விளிம்புக்கு வருமே, அந்த மாதிரி. மாவு உப்புவதில் இவ்வளவு அழகு இருக்கிறது என்று எனக்கு இதுவரை தெரியாது. இதை வேறு எதற்கும் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அகலமான ஓர் இடத்தில் படகோட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, "ஒரு பத்து நிமிஷம் யாரும் பேசாதீங்க" என்றார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு மிதந்தோம். ரொம்ப நன்றாக இருந்தது. நீங்கள் இருந்திருந்தால் பாடியிருப்பீர்கள்.

பன் ஐந்து வந்தது. படகோட்டிக்கு ஒன்று கொடுத்தேன். "யாருங்க இதைப் போட்டது?" என்று கேட்டுக்கொண்டு இரண்டு தடவை வந்துவிட்டார். மீதி நான்கு என்ன ஆயின என்று கேட்காதீர்கள்.

புதர்ச் சந்துக்குள் போனேன். இடது கையை எடுக்கவே இல்லை, சீக்கிரமே வெளியே வந்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் மகளிடம் போனில் கொஞ்சம் நீட்டி அளந்துவிட்டேன். நாம் இருவரும் சேர்ந்து போனதாகவும், நீங்கள் உள்ளே மாட்டிக்கொண்டு முழித்ததாகவும், நான்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்ததாகவும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தால் வயிற்றில் குழந்தை உதைக்கிறதாம். எனக்கு அதைக் கேட்க வேண்டும் போல இருந்தது, இன்னும் கொஞ்சம் அளந்தேன்.

இரண்டு நாளாக மூன்று மணிக்கு எனக்குத் தானாக விழிப்பு வருகிறது. எதிர்க் கட்டிலைப் பார்க்கிறேன். உங்கள் பெட்டிதான் அதன்மேல் படுத்திருக்கிறது.

மடித்த துண்டின் அம்மா


வியாழன், காலை
நான்காம் துறை

அடப் பாவமே, சம்பந்தி!

குடி முழுகிவிட்டது. நான் மழை என்றேன், படகை விட்டு இறங்கவே இல்லை என்றேன். நீங்கள் புதரில் மாட்டினோம் என்கிறீர்கள், கையைப் பிடித்தேன் என்கிறீர்கள். அதுகள் இரண்டும் ஒரே வீட்டில்தானே இருக்கின்றன, பேசிக்கொள்ளாதா? நேற்று மகன் வக்கீல் மாதிரி கேட்கிறான், "மழைன்னீங்க, அத்தை பூங்கான்னாங்க, எதும்மா நிஜம்?" நான் சொன்னேன், "மழையிலதான்டா பூங்காவுக்குப் போனோம்." "இறங்கவே இல்லைன்னீங்களே?" "குடையை விட்டு இறங்கலைன்னு சொன்னேன்." குடையை விட்டு யார் இறங்குவார்கள்? வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. "சரிம்மா, நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

யோசித்தேன். எனக்கு யோசனை மூன்று மணிக்குத்தான் வரும், வந்தது. துறைக்கு எதிரே ஒரு போட்டோக்காரர் பெரிய மரப்பலகை வைத்திருக்கிறார். அதில் முறுக்கு மீசையோடு ஒரு கப்பல் தலைவன், பக்கத்தில் மீன்வால் வைத்த ஒரு பெண். முகத்துக்கு மட்டும் ஓட்டை. பின்னால் போய் நின்று ஓட்டையில் முகத்தை வைத்தால் படம். நான் இன்று கடை திறந்ததும் வலது ஓட்டையில் முகத்தை வைத்து எடுத்துக்கொண்டேன். நீங்கள் மதியம் வந்ததும் இடது ஓட்டையில் வைத்து எடுத்துக்கொள்ளவும். இரண்டையும் ஒன்றாக ஒட்டிக் கொடுத்துவிடுவாராம், ஒட்டிய இடம் தெரியாதாம். படம் எப்படி வந்தது என்று பார்க்க எனக்கு நேரமில்லை, பஸ் ஹார்ன் அடிக்கிறது. ஐந்தாம் துறையில் இருப்பேன்.

உங்கள் ஆறு நன்றாக இருந்தது. முடிவெட்டிக்கொண்டவர் கதையை மகனிடம் சொன்னேன். நானே பார்த்த மாதிரி சொன்னேன். சொல்லும்போதே பொறாமையாக இருந்தது.

பன் இந்தத் தடவை ஒன்பது. படகோட்டிக்கு இரண்டு கொடுக்கவும்.

அவசரத்தில்,
சம்பந்தி


வியாழன், மாலை
நான்காம் துறை, போட்டோக் கடைப் படிக்கட்டு

சம்பந்தி,

உட்கார்ந்து எழுதுகிறேன். நின்றால் சிரிப்பில் விழுந்துவிடுவேன்.

நீங்கள் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டு வலது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பலகைக்கு முன்னால் நின்று, இடது எது என்று நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு, அப்புறம் பின்னால் போனேன். இரண்டும் ஒரே ஓட்டை. நீங்களும் கப்பல் தலைவன், நானும் கப்பல் தலைவன். ஒரே மீசைக்கு மேல் ஒரு படத்தில் நீங்கள், இன்னொரு படத்தில் நான். அந்த மீன்வால் பெண் தலையில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். போட்டோக்காரர் ஒட்டித்தான் பார்த்தார். இரண்டு கப்பல் தலைவர்கள் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். "ஒரு கப்பலுக்கு ரெண்டு பேரா? கரை சேராதுங்க" என்றார் அவர். அவருக்கு நம் கதை தெரியாது.

உங்கள் முகத்தை அந்த மீசையோடு பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தெருவிலேயே நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். "இங்க பாருங்களேன்" என்று உங்களிடம் சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். பக்கத்தில் குப்பைத்தொட்டிதான் இருந்தது. அந்த நேரம் எனக்கு உங்கள்மேல் வந்த கோபம் முதல் நாளைவிட அதிகம். இப்படியா ஒருத்தி இறங்கிப் போய்விடுவது?

இந்தப் படத்தை மாப்பிள்ளைக்கு அனுப்ப முடியாது. சரி, முக்கியமானதைச் சொல்கிறேன். சனிக்கிழமை கடைசித் துறைக்கு மகளும் மாப்பிள்ளையும் நம்மை அழைத்துப்போக நேரிலேயே வருகிறார்களாம். சற்று முன் சொன்னாள். நீங்கள் இருக்கும் ஐந்தாம் துறைக்கு அப்பால் இரண்டு பக்கமும் மலையாம், சாலை கிடையாது, பஸ் கிடையாது. படகோட்டியிடம் கேட்டுவிட்டேன். அதாவது, இனி நீங்கள் எனக்கு ஒரு ஊர் முன்னால் போக முடியாது.

யோசித்துப் பார்த்தேன். அந்த அறைக்கு நீங்களே போங்கள். முதலில் கத்தியது நான்தான் என்று மகளிடம் சொல்லிவிடுகிறேன். குழந்தை மூன்று மணிக்கு அழும், மூன்று மணிக்கு விழித்திருக்கிற ஆள் நம்மில் ஒருவர்தான். மாப்பிள்ளையைப் பற்றி நான் சொன்னது தப்பு. மகளுக்கு முதல் மூன்று மாதமும் வாந்தி. அத்தனை நாளும் அவர் கட்டில் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். நான் போயிருந்தபோது என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டும் அப்படிச் சொன்னேன் பாருங்கள், அது என் வாய்க்கொழுப்பு. அவருக்கு உள்ளே காற்று இல்லை, சம்பந்தி. நல்ல வளர்ப்பு.

உங்கள் பெட்டியை நாளை ஐந்தாம் துறையில் இறக்கி வைக்கச் சொல்லவா, படகிலேயே இருக்கட்டுமா? என்ன செய்வது என்று எழுதவும்.

சம்பந்தி


வெள்ளி, காலை
ஐந்தாம் துறை

சம்பந்தி,

பெட்டியில் கை வைத்தால் தெரியும் சேதி.

அறைக்கு நீங்களே போங்களாம்! யாரைக் கேட்டு விட்டுக்கொடுத்தீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கும் அந்தக் குழந்தை, யோசித்தீர்களா? எனக்குச் சட்டை மடிக்கவே வராது. நான் தெரிந்துவைத்திருப்பது ரொட்டி. பல் முளைக்காத பிள்ளைக்கு என் ரொட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தலையணையாகப் போடுவதா?

உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு மகனுக்குப் போன் போட்டேன். "டேய், நாங்க முதல் நாளே சண்டை போட்டுட்டோம். நான் படகுலயே இல்லை. பஸ்லதான் சுத்திக்கிட்டு இருக்கேன். அத்தையை மட்டும் அறைக்குக் கூப்பிட்டுக்கோ" என்றேன். அப்புறம் இரண்டும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்கிறது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான், படவா.

அவர்களுக்குத் திங்கட்கிழமையே தெரியுமாம்! "உங்க பயணி ஒருத்தர் முதல் துறையிலேயே இறங்கிட்டாங்க, உடம்பு சரியில்லையா?" என்று படகுக் கம்பெனியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். "தெரிஞ்சும் ஏன்டா சும்மா இருந்தீங்க?" என்று கத்தினேன். உங்கள் மகள் சொல்கிறாள், "கேட்டா நிறுத்திடுவீங்களே அத்தை. அம்மா உங்களை விட்டுக்குடுக்காம பொய் சொல்றாங்க, நீங்க அம்மாவை விட்டுக்குடுக்காம பொய் சொல்றீங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இப்படி ஒரு நல்ல வாரம் எங்களுக்குக் கிடைச்சதே இல்லை."

போனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

ஆனால் அவள் விடவில்லை. "அத்தை, சனிக்கிழமை படகுல இருந்து ரெண்டு பேரும் ஒண்ணா இறங்கினா ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க. ஒருத்தர்தான் வர்றதுன்னா ஒருத்தருமே வேண்டாம். ஆள் பேசி வச்சிருக்கோம்" என்றாள். கறார். மடித்து வைத்த துண்டு என்று சொன்னேனே, என் நாக்கை அடுப்பில்தான் வைக்க வேண்டும். போன வருஷம் நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாரம் என் கடைக் கல்லாவில் நின்றவள் அவள். கடையையும் துடைத்தாள், என் வீட்டையும் துடைத்தாள், என் நெற்றியையும் துடைத்தாள். உங்களிடம் இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மாமியார் கௌரவம், சொல்லவில்லை.

இப்போது என் நிபந்தனை. இதை டிக்கெட் கொடுப்பவரிடம் கொடுத்துவிட்டு, நாலு அடி தள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கூப்பிடாமல் ஏறமாட்டேன். எழுதிக் கூப்பிட்டால் செல்லாது. வாயால் கூப்பிட வேண்டும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன், அதற்காகக் கூப்பிடாமல் இருந்துவிட வேண்டாம்.

சம்பந்தி


வெள்ளி, சாப்பாடு முடிந்து
படகு, நம் அறை, என் கட்டில்

எதிர்க் கட்டில்காரிக்கு,

நான் கூப்பிட்டேன். சத்தியமாகக் கூப்பிட்டேன். அதே நேரம் படகோட்டி ஹார்ன் அடித்துவிட்டார், அதற்கு நான் பொறுப்பில்லை. உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் ஏன் எழுந்து வந்தீர்கள்? கேட்டது என்றால் ஏன் இன்னும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்? உங்களுக்கு வீம்பு என்றால் எனக்கும் வீம்பு. அதனால் இதை எழுதி, உங்கள் கட்டிலில் போடுகிறேன்.

நீங்கள் ஏறிய உடனே கூடையைத் திறந்து படகு முழுக்கப் பன் கொடுத்தீர்கள். எல்லாரும் உங்களைச் சுற்றிக்கொண்டார்கள். பஸ்ஸில் வந்த படகுப் பயணி என்று படகோட்டி உங்களை அறிமுகம் செய்துவைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன உரிமையில் பெருமை என்று தெரியவில்லை, இருந்தது.

அறை விஷயம். நான் பன்னிரண்டு மணிவரை விழித்திருப்பேன், எனக்கு அதற்குமுன் தூக்கம் வராது. நீங்கள் மூன்று மணிக்கு எழுந்துவிடுவீர்கள். ராத்திரி பன்னிரண்டு வரை குழந்தை என்னிடம், மூன்றிலிருந்து உங்களிடம். நடுவில் உள்ள நேரத்தைப் பெற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நாமே எல்லாவற்றையும் செய்தால் அவர்கள் எப்போது கற்றுக்கொள்வது? சம்மதம் என்றால் தலையை ஆட்டவும்.

சீட்டைத் திரும்ப வாங்கி இதையும் எழுதுகிறேன்: ஆட்டிவிட்டீர்கள், பார்த்தேன்.

சனி, விடியற்காலை
படகு, மேல்தளம்

சம்பந்தி,

நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்கள். இந்தத் தடவை நான் விளக்கைப் போடவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இருட்டில் தடவித் தடவி வெளியே வந்தேன். கதவில் முட்டிக்கொண்டேன், கத்தவில்லை. குறித்துக்கொள்ளவும்.

ஒரு வாரம் உங்கள் கடிதத்திலேயே ஆற்றைப் பார்த்தவள், இப்போது நேரில் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் மலை. தண்ணீர் அசையவே இல்லை, படகு மட்டும் போகிறது. நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது: வாசனை. விடியும் முன் ஆற்றுக்கு ஒரு ஈர வாசனை வருகிறது, சுட்ட ரொட்டியை முதலில் பிளக்கும்போது வருமே, கிட்டத்தட்ட அது. நீங்கள் தூங்கிக்கொண்டே இருந்தால் இதெல்லாம் எப்படித் தெரியும்? பாடத்தான் வாய் வருகிறது. அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

வெளிச்சம் வந்துவிட்டது. மலை முடிகிறது. தூரத்தில் ஒரு துறை தெரிகிறது. இதுதான் கடைசி போலிருக்கிறது.

துறையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். இவ்வளவு சீக்கிரம் யார் வருவார்கள்? நம்முடையதுகள்தான். என் மகன் கையை ஆட்டுகிறான். உங்கள் மகள் முதுகில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். சம்பந்தி, வயிறு எவ்வளவு பெரிதாகிவிட்டது! போனில் சிரிப்பு மட்டும்தான் கேட்டோம், வயிறு தெரியவில்லை.

அவள் கையை ஆட்டவில்லை. படகு முழுக்கத் தேடுகிறாள். மேல்தளத்தில் நான் ஒருத்திதான் நிற்கிறேன். இப்போது ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுகிறாள். "ஒருத்தர்தானா?" என்று கேட்கிறாள்.

நான் இரண்டு விரலைக் காட்டினேன். நம்பவில்லை. இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, மறுபடி அதே ஒற்றை விரலைக் காட்டுகிறாள். கன்னத்தைத் துடைத்துக்கொள்கிறாள் போலிருக்கிறது, இங்கிருந்து சரியாகத் தெரியவில்லை.

இனிமேல் எழுதிக்கொண்டிருக்க முடியாது. உங்களை இந்நேரத்தில் எழுப்பினால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லுங்கள். என்னையும் சொல்லுங்கள், என் பையனையும் சொல்லுங்கள், என் பரம்பரையையே இழுங்கள். ஆனால் இங்கே மேலே வந்து, என் பக்கத்தில் நின்று, அவள் காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொல்லுங்கள்.

இதோ கீழே வருகிறேன். விளக்கைப் போடப் போகிறேன்.